யூதாவின் ராஜாக்களைப் பெரட்டுக்கு நிறுத்தியவர்

தலைமை வகிக்கும் சபைக் குரு கனம் ஐயரவர்களே! இந்த மேடைக்கு விரிப்பும் நாற்காலியும் தமது வீட்டிலிருந்து அனுப்பி, இக்கூட்டத்தையும் கூட்டியிருக்கும் ஓயாக்கரைத் தோட்டத்துப் பெரிய கங்காணி சீமோன் அவர்களே! எஹலியகொடைக் கடைவீதியிலிருந்து நடந்து வந்திருக்கும் வர்த்தகர்களே! முன்னால் பெஞ்சுகளில் அமர்ந்திருக்கும் மேல் லயத்துச் சகோதர சகோதரிகளே! பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் கீழ் லயத்துச் சகோதர சகோதரிகளே! எல்லோருக்கும் என் வணக்கம். நின்றுகொண்டிருப்பவர்களுக்கு இன்னொரு முறை வணக்கம்.

நான் பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் உபதேசியாராக இருக்கிறவன். நாம் இன்று யாருக்காகக் கூடியிருக்கிறோமோ, அந்த யேசுவடியான் உபதேசியாரும் நானும் வாலிபத்தில் ஒரே கப்பலில் இந்த இலங்கைச் சீமைக்கு வந்தோம். ஒரே ஆசானிடம் வேதம் படித்தோம். அவர் இந்தத் தோட்டத்துக்கு வந்தார், நான் அந்தப் பக்கம் போனேன். அவரை அடக்கம் செய்து ஒரு மாதம் ஆகிறது. இப்போதுதான் இந்தக் கோயிலுக்குள் அவருக்காக ஒரு கூட்டம் கூடுகிறது.

என்னை அழைக்க வந்தவர், அவருடைய பொறுமையைப் பற்றியும் தாழ்மையைப் பற்றியும் நாலு வார்த்தை பேசினால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். தாழ்மை அவரிடம் இருந்தது. பொறுமையா? எனக்குத் தெரிந்து அது அவர் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை! பாட்டு நடக்கும்போது யாராவது பேசினால் பொடி டப்பியால் மேசையைத் தட்டுவார். அவர் பாட்டோ ராகத்துக்கு ஒரு பக்கமும் தாளத்துக்கு ஒரு பக்கமுமாகப் போகும். அதைச் சொன்னால் என்னோடு ஒரு வாரம் பேசமாட்டார். அப்படிப்பட்ட மனிதரைச் சாந்தமே வடிவானவர் என்று நான் புகழ்ந்தால், அவரை இரண்டாம் தரம் புதைத்ததாக ஆகும். ஆகையால் நடந்ததைச் சொல்கிறேன்.

அவர் என்ன வேலை செய்தார்? வேதம் படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு யூதாவின் ராஜாக்களைக் கற்றுக் கொடுத்தார். வேறு உபதேசியார்கள் கற்றுக் கொடுக்கவில்லையா? கொடுத்தோம். நான் கூடத்தான் கொடுத்தேன். ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். யேசுவடியான் கொழுந்து நிறுத்து முடிந்த சாயங்காலங்களில் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் நின்றுகொண்டு, காலையில் கணக்கப்பிள்ளை பெரட்டில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது போல ராஜாக்களைக் கூப்பிடுவார். ஆசா! யோவாஸ்! உசியா! யோசியா! ஒவ்வொருவனும் எப்படி ஆரம்பித்தான், எப்படி நடந்தான், எப்படி முடிந்தான் என்று கதை சொல்லிவிட்டு, “இவனுக்கு என்ன பேர் போடலாம்?” என்று கேட்பார்.

இங்கே வந்திருக்கும் கடைக்காரர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். மலையில் வேலைக்குப் போகிறவன் மத்தியானக் கொம்பு ஊதினதும் இறங்கிவிட்டால் அவனுக்கு அரைப்பேர், அரைநாள் கூலிதான். காலையில் அவன் எத்தனை வேகமாகக் கொழுந்து கிள்ளினான், எத்தனை ரப்பர் மரத்தில் பால் வெட்டினான் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பொழுது சாய்கிற வரைக்கும் நின்றவனுக்கே முழுப்பேர். கூலிச் சனம் தினந்தோறும் அடிபட்டுக் கற்ற சட்டம் அது. யேசுவடியான் அந்தச் சட்டத்தைக் கொண்டுபோய் ராஜாக்களின் தலையில் வைத்தார்.

யோவாஸ் ராஜா ஆசாரியன் உயிரோடு இருந்தவரைக்கும் நல்லவன். தேவாலயத்தைப் பழுது பார்த்தான். ஆசாரியன் செத்ததும் பிரபுக்கள் வந்து கும்பிட்டார்கள், அவர்கள் பேச்சுக்குத் தலையாட்டி, தன்னை வளர்த்த அந்த ஆசாரியனுடைய மகனையே கல்லெறிந்து கொல்லச் சொன்னான். என்ன பேர்? “அரைப்பேர்!” என்று லயம் முழுவதும் சத்தம் போடும். உசியா கோபுரம் கட்டினான், கிணறு வெட்டினான், வேளாண்மையில் பிரியமுள்ளவன். பலத்தவனானதும் மமதை தலைக்கு ஏறி, தனக்கு உரிமையில்லாத தூபகலசத்தைக் கையில் எடுத்தான். குஷ்டரோகியாகத் தனி வீட்டில் செத்தான். “அரைப்பேர்!” சாலொமோன் வரும்போது மட்டும் ஒரு கிழவர் ஒவ்வொரு தடவையும் வழக்காடுவாராம்: “அம்புட்டுப் பெரிய கோயிலக் கட்டுனாருங்களே, ஒரு முக்காப்பேராச்சும் போடக்கூடாதுங்களா?” என்று. “தொர ஒங்களுக்கு முக்காப்பேரு போடுறாராய்யா?” என்பார் யேசுவடியான். லயமே சிரிக்கும். எழுத்து வாசனை இல்லாத அந்தச் சனத்துக்கு, கடவுளுக்கு உண்மையாய் இருப்பது காலை வேளையின் சுறுசுறுப்பு அல்ல, சாயங்காலம் வரைக்கும் காலூன்றி நிற்பது என்று புரிந்தது. எனக்கு அதைப் பத்துப் பிரசங்கத்திலும் புரியவைக்க முடிந்ததில்லை.

சபையோரே, இப்போது நான் உயிரோடிருக்கும் ஒருவரைப் புகழப் போகிறேன். பெரிய கங்காணி சீமோன் அவர்களைப் புகழப் போகிறேன். தலை குனிய வேண்டாம் கங்காணியாரே, இது உண்மையான புகழ்ச்சி.

இந்தக் கோயிலில் முதல் திருவிருந்து நடந்த நாளில் நானும் இருந்தேன். அப்போது தகரம் கூடப் போடவில்லை, மேலே ஓலை. மேல் லயத்துக்கு ஒரு சாதி, கீழ் லயத்துக்கு ஒரு சாதி. ஞானஸ்நானத் தண்ணீர் நெற்றியில் காய்ந்துவிட்டது, சாதி காயவில்லை. ஒரே பாத்திரம். ஐயர் திராட்சரசத்தோடு அதைக் கீழ் லயத்துப் பஞ்சவர்ணத்தின் வாயில் வைத்தார். அப்போது அவர் வயசுப் பெண், ஊரிலிருந்து வந்து சேர்ந்த புதிது. அடுத்தபடியாக மண்டியிட்டிருந்தவர் சீமோன் கங்காணி. கோயில் முழுவதும் அவரையே பார்த்தது. பாத்திரத்தின் விளிம்பைத் துடைக்க ஐயர் துணியை எடுத்தார். கங்காணி வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு அப்படியே வாங்கிக் குடித்தார்.

அதற்கு அவர் பட்டது கொஞ்சமல்ல. சொந்தத் தம்பி அவர் வீட்டில் கை நனைக்க மறுத்தான். ஊரில் தாயார் செத்தபோது சுடுகாடு வரைக்கும் கூட வர வேண்டாம் என்று பங்காளிகள் தடுத்தார்கள். அவர் கலங்கவில்லை. வருஷக்கணக்காக அந்த ஒரே பாத்திரத்தில் எல்லோரும் குடித்தோம். யேசுவடியான் என்னிடம் அடிக்கடி சொல்வார்: “விக்கிரகம் வச்சதுக்காக ஆசா ராஜா சொந்தத் தாயையே பட்டத்திலேருந்து தள்ளினானே, அந்த மாதிரி ஆளுய்யா எங்க பெரியவரு.” அவர் வாயிலிருந்து அவ்வளவு பெரிய வார்த்தையை நான் வேறு யாரைப் பற்றியும் கேட்டதில்லை.

ஆசாவின் கதை அங்கேயே முடிந்திருந்தால் எத்தனை நன்றாக இருந்திருக்கும்! அது முடியவில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் கங்காணியாரின் மகளுக்குக் கேகாலைப் பக்கத்தில் சம்பந்தம் அமைந்தது. அவர்களும் கங்காணி வீட்டார், அவர்களும் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் கீழ் லயத்துச் சனம் வாய் வைத்த பாத்திரத்தில் தாங்கள் வாய் வைக்க முடியாதாம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் கொழும்பிலிருந்து ஒரு வெள்ளிப் பாத்திரம் வந்தது. மேல் லயத்துக்கு வெள்ளி, கீழ் லயத்துக்குப் பழையது. ஐயரவர்களே, நீங்கள் அதை ஆசீர்வதித்தீர்கள். சமாதானத்துக்காக என்று சொன்னீர்கள். யாருக்கும் யாருக்கும் சமாதானம்? சுவரோரம் நிற்கிறவர்களோடு அதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசினீர்களா?

யேசுவடியான் கங்காணியாரின் வீட்டுக்கு நடையாய் நடந்தார். கெஞ்சினார். கங்காணியார் காப்பி கொடுத்து அனுப்பினார், பாத்திரத்தை மட்டும் திருப்பி அனுப்பவில்லை. கல்யாணம் முடிந்தது. விருந்தாளிகள் போனார்கள். வெள்ளிப் பாத்திரம் போகவில்லை. அடுத்த திருவிருந்திலும் அது மேசைமேல் இருந்தது. கீழ் லயத்துச் சனம் ஒருவர் கூட முன்னால் வரவில்லை. மேசைக்குப் பக்கத்தில் நின்ற யேசுவடியானும் இறங்கிப்போய் அவர்களோடு சுவரோரம் நின்றார். அன்றிலிருந்து சாகிற வரைக்கும் அவர் திருவிருந்து எடுக்கவில்லை. ஒரு உபதேசியாருக்கு அது எப்பேர்ப்பட்ட பட்டினி என்று மற்ற உபதேசியார்களைக் கேளுங்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஐயர் வராத நாள். வாசிப்பு முறைப்படி ஆசா ராஜாவின் அதிகாரம் வந்தது. அவர் தேடிப் பிடித்து வாசித்தார் என்று பிற்பாடு சொன்னார்கள், அது பொய். ஆசா வருஷக்கணக்காய்க் கடவுளை நம்பினான். வயதான பிறகு ஒரு ராஜாவுக்குப் பயந்து, தேவாலயத்து வெள்ளியை எடுத்து இன்னொரு ராஜாவுக்கு அனுப்பி உறவு தேடினான். தப்பு என்று சொன்ன ஞானதிருஷ்டிக்காரனைக் காவலறையில் போட்டான். இவ்வளவுதான் வாசித்தார். பழக்கதோஷத்தில், லயத்து வாசலில் கேட்கிறது போலவே, “இவனுக்கு என்ன பேரு?” என்று கேட்டுவிட்டார்.

கோயிலில் அப்படிக் கேட்டதே இல்லை. லயத்துக் கேள்வி லயத்தோடு. ஆனால் கேட்டுப் பழகிய சனம் அல்லவா, பதில் வந்துவிட்டது. சுவரோரத்திலிருந்து பஞ்சவர்ணம் சொன்னார்: “நம்ம பெரிய கங்காணிக்கு அரப்பேருங்க.”

அவர் கேலிக்குச் சொல்லவில்லை. பெருமைக்காரப் பெண்ணும் அல்ல. கேள்வியில் ஆசாவின் பெயர் வரவில்லை. ‘இவனுக்கு’ என்று கேட்டதும் அவருக்கு யார் ஞாபகம் வந்தாரோ அவரைச் சொன்னார். தனக்கு அடுத்தபடியாய் மண்டியிட்டுக் குடித்த அந்த வாலிபக் கங்காணியை அவர் மறக்கவில்லை. மறக்காததால்தான் வந்தது அந்த வார்த்தை. ஆனால் கங்காணியாரின் காதில் அது யேசுவடியான் சொல்லிக் கொடுத்த பாடமாக விழுந்தது.

உட்காருங்கள் கங்காணியாரே. தயவுசெய்து உட்காருங்கள். இன்னும் முடியவில்லை. உங்களை அவமானப்படுத்த நான் வரவில்லை, அதற்காக இத்தனை தூரம் நடக்கிற வயசும் எனக்கு இல்லை.

திங்கட்கிழமை உபதேசியார் துரையின் பங்களாவுக்கு அழைக்கப்பட்டார். கூலிகளைத் தூண்டிவிடுகிறார் என்று துரையிடம் சொல்லியிருந்தார்கள். இனி அனுமதியில்லாமல் தோட்ட எல்லைக்குள் கால் வைக்கக்கூடாது என்றார் துரை. எல்லாத் தோட்டத்திலும் சட்டம் அப்படித்தான், கேட்டுக்குள்ளே இருக்கிற சனம் துரையின் சனம். அந்தக் காலத்து ஆசா ஒரு மனிதனைக் காவலறைக்குள் பூட்டினான். இங்கே வேதத்தைச் சொன்னவனை வெளியே விட்டு, கேட்க வேண்டியவர்களை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். எது பெரிய காவலறை என்று நீங்களே சொல்லுங்கள்.

அவர் எங்கே போனார்? மிஷனில் வேறு தோட்டம் கொடுத்தார்கள், போகவில்லை. அதோ வாசலில் நிற்கிறாரே மஹ்ரூப் நானா, தோட்டத்துக்கு வெளியே ரோட்டு முடக்கில் கடை வைத்திருக்கிறவர், அவருடைய கடைக்குப் பின்கட்டில் போய்த் தங்கினார். யேசுவடியான் தயங்கினாராம். அதற்கு நானா சொன்னது எனக்கு மனப்பாடம்: “உபதேசியாரே, என்ட கூரைக்குக் கீழ இருந்து ஆண்டவன்ட பேரச் சொல்ல ஒருத்தர்ட பர்மிஷனும் தேவல்ல.” வேறு மார்க்கத்துக்காரர், தொழுகை தவறாதவர். அவருக்குத் தெரிந்த மரியாதை நமக்குத் தெரியாமல் போயிற்றே!

ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே ரோட்டோரத்தில் நிற்பார். கீழ் லயத்துச் சனம் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கும். அங்கேயும் ராஜாக்கள் பெரட்டுக்கு வந்தார்கள்.

போன வருஷம் மழை பொய்த்தது. ஓயா ஆறு குட்டை குட்டையாய்த் தேங்கிப் பாறை தெரிந்தது. பிறகு காய்ச்சல் வந்தது. அதைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? கேகாலையிலிருந்து இங்கே வரைக்கும் பிணம் எடுக்க ஆள் இல்லாத வீடுகளை நீங்களே பார்த்தீர்கள். யேசுவடியான் கொயினா மாத்திரையும் கஞ்சி வாளியுமாகச் சிங்களக் கிராமங்களுக்குள் அலைந்தார். அவர்கள் அவரை ‘உபதேசி மாத்தையா’ என்று கூப்பிட்டார்கள். எல்லோருடைய வீட்டுக்குள்ளும் அவர் போகலாம். இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்த தோட்டத்துக்குள் மட்டும் போகக்கூடாது.

அப்போதுதான் கங்காணியாரின் மனைவி எஸ்தர் அம்மாள் காய்ச்சலில் விழுந்தார். கொழும்பிலிருந்து மோட்டார் காரில் டாக்டர் வந்தார். அதில் தப்பில்லை. யேசுவடியானே மாத்திரை கொடுத்தவர்தானே. ஆனால் அம்மாள் கேட்டது டாக்டரை மட்டும் அல்ல. உபதேசியாரைக் கூப்பிடுங்கள் என்றார். வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளாததால் பஞ்சவர்ணத்திடம் சொல்லி அனுப்பினார். யேசுவடியான் ஓடி வந்தார். காவல்காரர் கேட்டைத் திறக்கவில்லை. கங்காணியாரே இறங்கி வந்தார்.

அங்கே பேசப்பட்டதைக் கேட்ட பஞ்சவர்ணம் இங்கே இருக்கிறார், காவல்காரரும் இருக்கிறார், கங்காணியாரும் இருக்கிறார். நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னால் மறுக்கலாம்.

கங்காணியார் சொன்னார்: “அன்னைக்குச் சொன்னது பொய்யின்னு எல்லார் முன்னுக்கும் சொல்லுறேன்னு சொல்லுங்க. இப்பவே கேட்டத் தொறக்கச் சொல்றேன்.”

யேசுவடியான் சொன்னார்: “நான் அதச் சொல்லலீங்க, பெரியவரே. ஆனா சொன்னவங்களப் பொய்யின்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஒங்க காலப் புடிக்கிறேன், அம்மாவப் பாத்துட்டுப் போயிர்றேன்.”

காலைத்தான் பிடித்தார், கம்பிக்கு இடையில் கையை நீட்டி. கங்காணியார் திரும்பி மேலே நடந்தார்.

கங்காணியாரின் வீடு கேட்டுக்கு நேர் மேலே, மேட்டில். யேசுவடியான் அங்கேயே நின்று, மேட்டைப் பார்த்துச் சங்கீதங்களை உரக்க வாசித்தார். தொண்டை கட்டுகிற வரைக்கும் வாசித்தார். பாடவும் பாடினார், அந்தக் கரகர ராகத்தில். எஸ்தர் அம்மாள் ஜன்னலைத் திறக்கச் சொல்லி, “கேக்குது, கேக்குது” என்றாராம். மறுநாள் விடிந்ததும் அம்மாள் இறந்துபோனார். வெள்ளிப் பாத்திரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டே போனார். அதைச் சொன்னதும், திரும்பிப் போய் அம்மாள் பக்கத்தில் இருந்த பஞ்சவர்ணம்தான்.

அதற்கப்புறம் அவரையும் காய்ச்சல் பிடித்தது. மஹ்ரூப் நானாவின் பின்கட்டில், நானாவின் மனைவி வைத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டு படுத்திருந்தார். நான் போய்ப் பார்த்தேன். அவர் துரையைத் திட்டவில்லை, ஐயரைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “பெரியவரு எப்டி இருக்காரு? மனுசன் தனியா ஆயிட்டாரே.” எனக்குக் கோபம் வந்தது. இந்த நிலைமையிலும் அவரைப் பற்றியா என்றேன். பொடி டப்பியால் கட்டிலைத் தட்டினார். மனாசே ராஜாவை மறந்துவிட்டாயா என்றார். ஐம்பது வருஷம் அக்கிரமம் செய்தவன், சங்கிலியோடு பாபிலோனில் கிடந்தபோது திரும்பினான், கடவுள் சேர்த்துக்கொண்டார். அவனுக்கு என்ன பேர் என்று கேட்டார். அன்று பின்னேரம் கண்ணை மூடினார்.

அவர் மனைவி இந்தக் கோயிலுக்குப் பின்னால்தான் அடக்கம் ஆகியிருக்கிறார். பக்கத்தில் இடம் விட்டிருந்தது. சிங்களக் கிராமத்து ஆட்கள் தோள் கொடுத்துப் பெட்டியைக் கேட்டுவரைக்கும் கொண்டுவந்தார்கள். துரை லீவில் இங்கிலாந்துக்குப் போயிருக்கிறார், யாரும் பொறுப்பெடுக்க முடியாது என்றார்கள். பெட்டி திரும்பிப்போனது. ஊர்ப் பொது இடுகாட்டில், பெயர் எழுதாத மேட்டில் கிடக்கிறார்.

இன்று அந்தச் சுவரில் பித்தளைத் தகடு பதிக்கப் போகிறார்களாம். துணி போட்டு மூடியிருக்கிறது. ‘இறுதிவரைக்கும் உண்மையாயிருந்தவர்’ என்று வெட்டியிருப்பதாக அறிந்தேன். உபயம் பெரிய கங்காணி. எழுத்தில் பிழை இல்லை. ஆனால் ஞானதிருஷ்டிக்காரனைச் சாகவிட்டுவிட்டு அவனுக்குத் தகடு அடிக்கிற வேலையை ஆசா கூடச் செய்யவில்லையே!

ஐயரவர்களே, கூட்டம் முடிந்ததும் திருவிருந்து என்று அறிவித்திருக்கிறீர்கள். மேசைமேல் இரண்டு பாத்திரமும் இருப்பதை நான் உள்ளே வரும்போதே பார்த்தேன். யேசுவடியானின் பெயரால் கூடிய கூட்டத்தில் இரண்டு பாத்திரமா? உங்களுக்குக் கை கூசவில்லையா?

இப்படிப்பட்ட கூட்டங்களில் கடைசியில் பிரதிக்கினை செய்வது வழக்கம். நானும் செய்கிறேன். பெல்மதுளை வேலையை வேறு ஒருவருக்குக் கொடுக்கும்படி மிஷனுக்குச் சொல்லிவிட்டேன். நேற்றே மஹ்ரூப் நானாவின் பின்கட்டில் பெட்டியை வைத்துவிட்டேன். இனி ஞாயிறுதோறும் கேட்டுக்கு வெளியே நான் நிற்பேன். இந்தத் தோட்டத்தில் ஒரே பாத்திரம் வருகிற வரைக்கும் நானும் திருவிருந்து எடுக்கமாட்டேன். எனக்குப் பிறகு நிற்க ஒருவரைத் தயார் செய்துவிட்டுத்தான் சாவேன்.

எனக்கு அனுமதி கொடுத்த நேரம் முடியப்போகிறது. இந்த மேசைக்கு நான் வரவில்லை, ரோட்டுக்குப் போகிறேன். பஞ்சவர்ணம், வாங்க. சுவரோரம் நிற்கிற எல்லாரும் வாங்க. கேட்டுவரைக்கும் கூட வாங்க.

கங்காணியாரே, எழுந்துவிட்டீர்கள். இந்தத் தடவை உட்காரச் சொல்லமாட்டேன். யேசுவடியான் கடைசியாகக் கேட்டது உங்களைப் பற்றித்தான். மேசைமேல் இருக்கிற அந்த வெள்ளிப் பாத்திரத்தை நீங்கள்தான் வைத்தீர்கள், அதை எடுக்கிற உரிமை இந்தக் கோயிலில் வேறு யாருக்கும் இல்லை. பஞ்சவர்ணம் வாசல்வரைக்கும் போய் நின்றுவிட்டார். உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எடுக்கிறீர்களா?